நெல்லையில் யோயோ போட்டி நடத்த எந்த முறை சரிப்படும்? ஏணி, ஃப்ரீஸ்டைல், நேருக்கு நேர்: ஓர் ஒப்பீடு

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட அரங்கு கிடைத்துவிட்டது, நாற்பது பிள்ளைகள் பெயர் கொடுத்துவிட்டார்கள், கோப்பைக்கும் சொல்லியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் யாராவது ஒருவர் "மார்க் எப்படிப் போடப் போறோம்?" என்று கேட்பார். அந்தக் கேள்வியை அரங்கு தேடுவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். யோயோவில் மதிப்பிடும் முறையை வைத்துத்தான் மேடை, நேரம், ஆள் எண்ணிக்கை, பிள்ளைகள் எதைப் பழகிக்கொண்டு வர வேண்டும் என்பதெல்லாம் முடிவாகின்றன.

கையில் இருக்கும் வழிகள் நான்கு. வரிசையாகக் கொடுத்த ட்ரிக்குகளைச் செய்துகாட்டும் ஏணி முறை; ஆட்டக்காரர்கள் இதை லேடர் என்பார்கள். பாட்டுக்கு ஏற்ப நேரக் கணக்கில் ஆடும் ஃப்ரீஸ்டைல். இருவர் இருவராக மோதி ஒருவர் வெளியேறும் நேருக்கு நேர். நம் பள்ளிகளில் மாறுவேடப் போட்டிக்கும் பேச்சுப் போட்டிக்கும் போடுவதுபோல ஆளுக்குப் பத்து மார்க். இவற்றில் எது உயர்ந்தது என்று பார்த்துப் பயனில்லை. உங்களிடம் எத்தனை நடுவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கண்ணுக்கு எவ்வளவு தெரியும் என்பதைப் பார்த்துத்தான் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆட்டக்காரர்களின் திறமையைப் பார்த்து முறையைத் தேர்ந்தெடுத்த போட்டிகளில்தான் தகராறு வருகிறது.

நடுவர்களில் இரண்டு வகை உண்டு. "ட்ரபீஸ் செய்" (பக்கவாட்டில் வீசிய யோயோவைக் கயிற்றின் மேல் விழவைக்கும் ட்ரிக்) என்று சொன்னபின் அது முடிந்ததா இல்லையா என்று பார்த்துச் சொல்லக்கூடியவர் முதல் வகை. ஒரு சனிக்கிழமை மதியம் உட்கார்ந்து இருபது ட்ரிக்குகளைப் பார்த்துப் பழகினால் யார் வேண்டுமானாலும் இந்த வேலைக்குத் தயாராகிவிடலாம். விளையாட்டு ஆசிரியர், கல்லூரி மாணவர், யாராக இருந்தாலும் சரி. இரண்டாம் வகை நடுவருக்கு, யோயோ ஓடிக்கொண்டிருக்கும்போதே அது எந்தக் கயிற்றில் விழுந்தது, இது புது அமைப்பா முன்பு செய்ததேதானா, கயிறு தானாக வந்ததா வேண்டுமென்றே சுண்டியதா என்று பிரித்துப் பார்க்கத் தெரியும். இது தானே ஆடுகிறவர்களுக்குத்தான் வரும். இரண்டாம் வகையினர் மூன்று பேர் இருந்தால் ஃப்ரீஸ்டைலை யோசிக்கலாம். முதல் வகையினர் மட்டும் இருந்தால் ஏணி. ஒருவருமே இல்லையென்றால் போட்டியை விட்டுவிட்டு ஒரு பயிற்சி நாள் நடத்துங்கள்.

ஏணி முறை

இதற்கு நீண்ட பழக்கம் உண்டு. பிலிப்பைன்ஸிலிருந்து குடியேறிய பெட்ரோ ஃப்ளோரெஸ் 1928-ல் கலிஃபோர்னியாவில் யோயோ தயாரிக்கத் தொடங்கியபோதே விற்பனைக்காகப் போட்டிகள் நடத்தினார். பிறகு அந்தத் தொழிலை வாங்கிய டங்கன் நிறுவனம் ஊர் ஊராகக் கடை வாசலில் நடத்திய போட்டிகளும் குறிப்பிட்ட ட்ரிக் பட்டியலை வைத்துத்தான் நடந்தன. சமமாக வந்தால், யார் அதிக லூப் போடுகிறார், அதாவது திரும்பி வரும் யோயோவைக் கையில் பிடிக்காமல் எத்தனை முறை மறுபடி முன்னே சுற்றி அனுப்புகிறார் என்று எண்ணுவார்கள். கடை வாசலில் நிற்கும் கூட்டத்துக்கும் புரியும், நடுவருக்கும் சிரமமில்லை என்பதால் அது நிலைத்தது. இந்த இரண்டு காரணமும் இன்று நமக்கும் பொருந்தும்.

பட்டியலில் இருபது ட்ரிக் போதும். தொடக்கத்தில் பத்து விநாடி ஸ்லீப்பர் (யோயோ திரும்பாமல் கயிற்றின் நுனியிலேயே சுழல்வது), வாக் த டாக், ஃபார்வர்ட் பாஸ், ராக் த பேபி. நடுவில் பிரெய்ன் ட்விஸ்டர், ட்ரபீஸ், எலி ஹாப்ஸ், டபுள் ஆர் நத்திங், பேரல் ரோல்ஸ், ஸ்ப்ளிட் த ஆட்டம். மேலே போகப்போக புத்தாஸ் ரிவெஞ்ச், பாய்ங்-ஈ-பாய்ங், கமிகாஸி, ஸ்பிரிட் பாம்ப். பெயரை மட்டும் அச்சடித்தால் சண்டை நிச்சயம். எண்ணிக்கையும் வேண்டும்: ராக் த பேபியில் தொட்டில் மூன்று முறை ஆட வேண்டும், எலி ஹாப்ஸில் யோயோ கயிற்றை விட்டு மேலே எழும்பி அதே கயிற்றில் மூன்று முறை தொடர்ந்து விழ வேண்டும், பாய்ங்-ஈ-பாய்ங் ஐந்து துள்ளல், பிரெய்ன் ட்விஸ்டர் இரண்டு சுற்று. அரவுண்ட் த வேர்ல்டைச் சேர்க்காமல் விடுவது நல்லது. கயிறு அறுந்தால் யோயோ எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது, பள்ளி அரங்கில் பிள்ளைகள் மேசையைச் சுற்றித்தான் நிற்பார்கள்.

பட்டியல் போடும்போது பலரும் தவறவிடும் இடம் ஒன்று இருக்கிறது. இன்று பிள்ளைகள் கையில் இரண்டு விதமான யோயோக்கள் உள்ளன. கையை லேசாக இழுத்தாலே திரும்பி வரும் ரெஸ்பான்சிவ் ஒன்று. இழுத்தாலும் வராது, பைண்ட் போட்டால்தான், அதாவது கயிற்றை மடித்து யோயோவின் இடைவெளிக்குள் செலுத்திப் பற்றவைத்தால்தான் வரும் அன்ரெஸ்பான்சிவ் இன்னொன்று. ஃபார்வர்ட் பாஸ், லூப் போன்றவை இரண்டாவதில் நடக்காது. எலி ஹாப்ஸ் முதலாவதில் பெரும் சிரமம். கயிறு சற்றுத் தளர்ந்ததும் யோயோ அதைப் பற்றிக்கொண்டு மேலே ஏறிவிடும். ஆகவே, "ஒருவர் இரண்டு யோயோ கொண்டு வரலாம், ட்ரிக்குக்கு ட்ரிக் மாற்றலாம், மாற்றுவது தவறாகாது" என்று விதியில் எழுதிவிடுங்கள். ஒன்றுதான் வைத்திருக்கும் பிள்ளைக்கு ஏற்பாட்டாளர்கள் ஒரு ரெஸ்பான்சிவ், ஒரு அன்ரெஸ்பான்சிவ் இரவல் கொடுக்க மேசையில் வைத்திருக்க வேண்டும். கயிறு ஆளின் உயரத்துக்குத் தக்க வெட்டப்படுவது. இரவல் யோயோவுக்குக் கயிறு நீளமாகவே இருக்கட்டும், ஆடுகிறவர் தன் தொப்புள் உயரத்துக்கு வெட்டிக்கொள்வார்.

ட்ரிக் எப்போது முடிகிறது? யோயோ வீசிய கைக்குத் திரும்பி, கையில் பிடிபட்ட பிறகு. இந்த ஒரு வரி இல்லாததால் வரும் வாக்குவாதத்துக்கு அளவில்லை. ட்ரபீஸ் அழகாக விழுந்திருக்கும், இறக்கும்போது பைண்ட் வழுக்கி யோயோ முழங்காலுக்குக் கீழே தொங்கும்.

"ட்ரிக்க முடிச்சிட்டம்லா அண்ணாச்சி?"

"கைக்கு வரலயேலே."

இதை நடுவர் அந்த இடத்தில் யோசித்துச் சொல்லக் கூடாது. தாளில் இருப்பதைக் காட்டிச் சொல்ல வேண்டும். அதேபோல் வீச்சு கோணிப்போய், எந்த ட்ரிக்கும் தொடங்குமுன் யோயோவைத் திருப்பி எடுத்துக்கொண்டால் அதை ஒரு முயற்சியாக எண்ணுவதா வேண்டாமா என்பதையும் முன்பே எழுதுங்கள். கயிற்றில் முதல் தொடுதலுக்கு முன் திரும்ப எடுத்தால் எண்ண வேண்டாம். ஆனால் ஒரு ட்ரிக்குக்கு ஒருமுறை மட்டும் அந்தச் சலுகை. இல்லையென்றால் நல்ல வீச்சு வரும்வரை வீசிக்கொண்டே இருப்பார்கள். கயிறு முடிச்சு விழுந்தால் ஒரு நிமிடம். அதற்குள் அவிழாவிட்டால் அடுத்த யோயோவில் தொடர வேண்டும்.

மார்க் போட இரண்டு வழி. ஒன்று, ட்ரிக்குக்கு இரண்டு முயற்சி, இரண்டும் தவறினால் அத்தோடு வெளியே. எந்தப் படியில் நின்றாரோ அதுவே மதிப்பெண். வேகமாக முடியும். ஆனால் திசையன்விளையிலிருந்து பஸ் ஏறி வந்த பிள்ளை மூன்றாம் ட்ரிக்கில் தவறி இரண்டு நிமிடத்தில் வெளியே உட்காரும். இன்னொன்று, எல்லாரும் இருபதையும் முயல வேண்டும்; முதல் முயற்சியில் வந்தால் 2, இரண்டாவதில் வந்தால் 1, மொத்தம் 40. நாங்கள் இரண்டாவதைத்தான் பரிந்துரைக்கிறோம். ஒரு ட்ரிக் சொதப்பினாலும் மீதத்தில் ஈடுகட்டலாம், எதில் பலம் எதில் குறை என்பதும் பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

நாற்பது பேர் என்றால் ஒரு மேசை போதாது. ஆளுக்கு ஆறு நிமிடம் என்றாலே நான்கு மணி நேரம். இரண்டு மேசை போட்டு ஆளுக்குப் பாதியாகப் பிரித்தால், ஒரு மேசையில் தாராள மனது நடுவர், இன்னொன்றில் கறார் நடுவர் என்று வரும். ஆட்களைப் பிரிக்காமல் பட்டியலைப் பிரியுங்கள். முதல் மேசையில் 1 முதல் 10 வரை, இரண்டாவதில் 11 முதல் 20 வரை. எல்லாரும் இரண்டு மேசையையும் கடந்து போவார்கள், ஒவ்வொரு ட்ரிக்கையும் எல்லாருக்கும் ஒரே கண் பார்க்கும். மேசைக்கு ஆளுக்கு மூன்று நிமிடம், மொத்தம் இரண்டு மணி நேரம் சொச்சம்.

சமநிலைக்குப் பழையபடி லூப் எண்ணலாம் என்று தோன்றும். அன்ரெஸ்பான்சிவ் மட்டுமே பழகியவருக்கு அது அநியாயம். இருபதாம் ட்ரிக்கிலிருந்து கீழ்நோக்கி, ஆளுக்கு ஒரே முயற்சி. ஒருவர் செய்து மற்றவர் தவறும் இடத்தில் முடிவு.

ஏணியின் குறை, அது புதிதாக உருவாக்குகிற ஆட்டக்காரரை அளக்காது. பட்டியலில் இல்லாத அருமையான ஒரு ட்ரிக்கைச் சொந்தமாகக் கோத்து வைத்திருப்பவருக்கு இங்கே ஒரு மார்க்கும் இல்லை. மூன்று நான்கு வருடம் ஆடியவர்களுக்கு ஏணி சலிக்கும். முதல் பத்துப் பேரும் 40-க்கு 38, 39 என்று நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். அந்த நிலை வந்துவிட்டால் அடுத்த முறைக்கு நகர வேண்டியதுதான்.

பத்துக்கு மார்க்

இதை நீளமாக எழுத வேண்டியதில்லை. சிறப்பு விருந்தினரை நடுவராக உட்கார வைத்தால் அவர் கண்ணில் படுவது வேகம், உடை, பாட்டு. வாக் த டாக்கை ஸ்டைலாகச் செய்தவருக்கு எட்டு, முகத்தில் சிரிப்பில்லாமல் ஸ்பிரிட் பாம்ப் முடித்தவருக்கு ஆறு என்று வரும். வேறு வழியே இல்லாமல் இப்படி நடத்தத்தான் வேண்டும் என்றால், ஐந்து நடுவரை வைத்து, மார்க்கைக் கூட்டாமல் ஒவ்வொருவரும் போட்ட இட வரிசையைக் கூட்டுங்கள். குறைந்த கூட்டுத்தொகை உள்ளவர் முதலிடம். ஒரு நடுவர் தாராளமாகவும் இன்னொருவர் கஞ்சத்தனமாகவும் போடுவதால் வரும் கோளாறாவது குறையும். தன் பள்ளிப் பிள்ளைக்கு யாரும் மார்க் போடக் கூடாது என்பது எல்லா முறைக்கும் பொது, இதற்கு இரட்டிப்பாக.

ஃப்ரீஸ்டைல்

உலக யோயோ போட்டியில் நடப்பது இதுதான். சர்வதேச யோயோ கூட்டமைப்பின் விதிகளில் பிரிவுகள் ஐந்து. 1ஏ என்பது ஒரு யோயோ, கயிற்று ட்ரிக்குகள். 2ஏ இரண்டு கையிலும் லூப் யோயோ. 3ஏ இரண்டு கையிலும் நீண்ட நேரம் சுழலும் யோயோ. 4ஏ-யில் யோயோ கயிற்றோடு கட்டப்பட்டிருக்காது. 5ஏ-யில் கயிற்றின் மறுமுனை விரலில் இல்லாமல் ஓர் எடைக் குண்டில் கட்டியிருக்கும். இறுதிச்சுற்று மூன்று நிமிடம். மதிப்பெண் நூறில் 60 தொழில்நுட்பச் செயல்பாட்டுக்கு, அதாவது கிளிக்கருக்கு (நடுவர் அழுத்த அழுத்த எண்ணும் கைக்கருவி). மீதி 40 மதிப்பீட்டுக்கு: சுத்தம், கட்டுப்பாடு, வகைவகையான ட்ரிக், இடத்தைப் பயன்படுத்தும் விதம் ஆகியவற்றுக்கு 20, இசையோடு பொருந்துதல், ஆட்டத்தின் கட்டமைப்பு, உடல் அசைவு, மேடை ஈர்ப்பு ஆகியவற்றுக்கு 20.

இந்த முறையின் உயிர் கிளிக்கரில்தான் இருக்கிறது. நடுவர் ஒரு கையில் கூட்டல் கிளிக்கர், மறு கையில் கழித்தல் கிளிக்கர் வைத்திருப்பார். மதிப்புள்ள ஓர் அசைவு முடிந்ததும் ஒரு கிளிக்: யோயோ கயிற்றில் விழுந்து புது அமைப்பு உருவானால், தளர்ந்த கயிற்றைச் சுண்டி மாட்டினால், கைக்குப் பின்னாலோ காலுக்கு அடியிலோ பிடித்தால். கடினமானதற்கு இரண்டு மூன்று கிளிக் வரை. தவறினால் கழித்தலில் ஒன்று. அதே அசைவைத் திரும்பச் செய்தால் கிளிக் கிடையாது. இதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் நாற்பது விநாடிக்குத்தான் சரக்கு வைத்திருப்பவர் மீதி நேரத்தில் செய்ததையே செய்வார், கூடுதலாக ஒன்றும் கிடைக்காது, களைப்பில் தவறியது மட்டும் கழியும். நெல்லையில் முதல் ஓரிரு வருடத்துக்கு மூன்று நிமிடம் வேண்டாம், ஒரு நிமிடம் போதும் என்று நாங்கள் அழுத்திச் சொல்வது இதனால்தான். உலகப் போட்டியிலும் ஆரம்பச் சுற்றுக்கு ஒரு நிமிடம் வைத்திருக்கிறார்கள்.

கிளிக்கர் வாங்கும்போது ஒரு கவனம். விரலில் மாட்டிக்கொள்ளும் டிஜிட்டல் ஜெபக் கவுண்டர் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள். அது நிதானமாக அழுத்துவதற்குச் செய்தது. வேகமாக இரண்டு முறை தட்டினால் ஒன்றைத்தான் எண்ணும். பக்கத்தில் திருகு வைத்து பூஜ்யத்துக்குக் கொண்டுவரும் உலோக டேலி கவுண்டர்தான் சரி. நடுவருக்கு இரண்டு, மூவருக்கு ஆறு, கூடவே இரண்டு உபரி. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் எண்ணைப் படித்து எழுதுவதும் பூஜ்யமாக்குவதும் நடுவரின் வேலையாக இருக்கக் கூடாது. அதற்கென ஒரு பையனை நிறுத்துங்கள். முந்தைய ஆளின் எண்ணோடு அடுத்த ஆள் தொடங்கிவிடுவதுதான் இந்த முறையில் அடிக்கடி நடக்கும் விபத்து. நடுவர் கவுண்டரைக் குனிந்து பார்க்கவே கூடாது. கண் மேடையிலேயே இருக்க வேண்டும்.

அடுத்தது கணக்கு. இங்கேதான் நல்ல போட்டிகளும் கெட்டுப்போகின்றன. ஒரு நடுவரின் கட்டைவிரல் வேகமானது, இன்னொருவர் கஞ்சம். கிளிக்குகளை அப்படியே கூட்டினால் வேகமான விரல்காரர்தான் முடிவைத் தீர்மானிப்பார். ஓர் உதாரணம் பாருங்கள். இரண்டு ஆட்டக்காரர்கள், கழித்தல் போக நிகரக் கிளிக்குகள் இவை. முதல் நடுவர் முதலாமவருக்கு 50, இரண்டாமவருக்கு 60. இரண்டாம் நடுவர் 40, 48. மூன்றாம் நடுவர் 120, 90. அப்படியே கூட்டினால் முதலாமவர் 210, இரண்டாமவர் 198, முதலாமவருக்குக் கோப்பை. ஆனால் மூன்று நடுவரில் இருவர் இரண்டாமவரே மேல் என்றல்லவா சொல்லியிருக்கிறார்கள்?

சரியான வழி, ஒவ்வொரு நடுவரிடமும் அதிகக் கிளிக் வாங்கியவருக்கு 60 என்று வைத்து, மற்றவர்களை அதே விகிதத்தில் குறைப்பது. முதல் நடுவரிடம் 50-ம் 60-ம் அப்படியே நிற்கும். இரண்டாம் நடுவரின் 40-க்கு 50, 48-க்கு 60. மூன்றாம் நடுவரின் 120-க்கு 60, 90-க்கு 45. சராசரி எடுத்தால் முதலாமவர் 53.33, இரண்டாமவர் 55. கோப்பை கை மாறுகிறது. ஒரு எக்செல் தாளில் இதை முந்தின நாளே போட்டு, பொய் எண்களைக் கொடுத்துச் சரிபார்த்து வையுங்கள். நிகரக் கிளிக் பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

நடுவர்களைத் தயார்செய்ய, ஒரே ஆட்டத்தின் வீடியோவை மூவரும் சேர்ந்து பார்த்துக் கிளிக் செய்யச் சொல்லுங்கள். எண்கள் ஒன்றாக வர வேண்டியதில்லை, விகிதம்தான் முக்கியம். வெவ்வேறு தரத்தில் மூன்று ஆட்டங்களைப் போட்டு, ஒருவர் 20, 40, 60 என்றும் மற்றவர் 35, 70, 105 என்றும் அடித்தால் இருவரும் ஒத்துப்போகிறார்கள் என்றே அர்த்தம். ஒருவர் மட்டும் வரிசையையே மாற்றி அடித்தால் அவர் எதற்குக் கிளிக் செய்தார் என்று நிறுத்தி நிறுத்திப் பேசுங்கள். பெரும்பாலும் வேகமான கை அசைவுக்கு அடித்திருப்பார், கயிற்றில் ஒன்றும் நடந்திருக்காது.

மதிப்பீட்டு 40-க்கு எட்டுத் தலைப்பையும் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு நிமிட ஆட்டத்தில் கட்டமைப்பையும் உடல் அசைவையும் தனித்தனியாகப் பார்க்க நேரமே கிடையாது. சுத்தம், கட்டுப்பாடு, வகை, இசையும் மேடையும் என நான்கு தலைப்பு, தலைப்புக்குப் பத்து. கிளிக் செய்தவரே இதையும் போடலாம், ஆள் குறைவு என்றால் வேறு வழியில்லை. முதலில் ஆடுகிறவருக்கு எப்போதும் நடுத்தர மார்க்தான் விழும், பின்னால் வருபவர்களைப் பார்க்காததால். அதைத் தவிர்க்க, போட்டியில் இல்லாத ஒருவரை முதலில் ஆடவிட்டு நடுவர்கள் மார்க் போட்டு ஒப்பிட்டுக்கொள்ளட்டும்.

பெரிய கழிவுகள் தனி. யோயோ நின்றுபோய் மறுபடி வீசினால் 1, யோயோவை மாற்றினால் 3, கயிறு அறுந்தோ கழன்றோ யோயோ பிரிந்துபோனால் 5 என்ற சர்வதேச வரிசையையே வைத்துக்கொள்ளலாம். இவை கடைசி மொத்தத்தில் கழிபவை. கழித்தல் கிளிக்கோடு கலந்துவிடக் கூடாது. இதை எண்ண நடுவர் வேண்டாம், மேடையோரம் ஒருவர் தாளில் கோடு போட்டால் போதும்.

பிரிவுகளை முதல் வருடமே ஐந்தாகப் பிரித்துக் கோப்பை வாங்க வேண்டாம். 1ஏ தனியாக, மற்ற நான்கும் சேர்த்து ஒரே பிரிவாக வையுங்கள். அமெரிக்க வட்டாரப் போட்டிகளில் எக்ஸ் பிரிவு என்று அப்படித்தான் நடத்துகிறார்கள். லூப்பையும் எடைக் குண்டையும் ஒரே தராசில் நிறுப்பது கஷ்டம்தான். இரண்டு பேர் மட்டும் ஆடும் பிரிவில் ஒருவருக்கு முதல் பரிசு, மற்றவருக்கு இரண்டாம் பரிசு கொடுப்பதைவிட அது மேல்.

நேருக்கு நேர்

இருவர் எதிரெதிரே நிற்பார்கள். குடத்திலிருந்து சீட்டு எடுத்து அதிலுள்ள ட்ரிக்கை இருவரும் ஒரே முயற்சியில் செய்ய வேண்டும். ஐந்தில் மூன்று வென்றவர் அடுத்த சுற்று. கூட்டம் கைதட்டி ரசிப்பது இதைத்தான். முதல் வகை நடுவர் ஒருவரே போதும். 32 பேருக்கு 31 மோதல், மோதலுக்கு நான்கு நிமிடம், இரண்டு மணி நேரத்தில் முடியும். ஆனால் முதல் சுற்றிலேயே பதினாறு பேர் வெளியேறிவிடுவார்கள், யாருக்கு எந்தச் சீட்டு வரும் என்பதில் அதிர்ஷ்டம் நிறைய. மாவட்ட வெற்றியாளரை இதை வைத்து அறிவிப்பது சரியில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வெளியேறியவர்கள் உட்பட யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று ஒரு பக்கப் போட்டியாக வைத்தால் அரங்கு கலகலவென்று இருக்கும்.

நம் ஊரில் எந்த முறைக்கு எது இடைஞ்சல்

ஆனி ஆடியில் கயத்தாறு, பணகுடி பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைக்கிற அதே காற்று திறந்த மைதானத்தில் தளர்ந்த கயிற்றை ஒதுக்கித் தள்ளிவிடும். அந்த மாதங்களில் ஏணியை வேண்டுமானால் மரத்தடியில், சுவர் மறைப்பில் நடத்தலாம். மேல்படி ட்ரிக்குகளும் ஃப்ரீஸ்டைலும் அரங்குக்குள்தான். அரங்கிலும் மேடைக்கு நேர் மேலே ஓடும் மின்விசிறி அதே வேலையைச் செய்யும். எல்லா விசிறியையும் நிறுத்தினால் மே மாத வெயிலில் சனம் உட்காராது; மேடை விசிறியை மட்டும் நிறுத்துங்கள். வெக்கையில் கை வியர்த்தால் கயிறு தோலில் ஒட்டி ஓட மறுக்கும், ஆகவே முகப் பவுடர் பூசிக்கொள்ள அனுமதி உண்டு என்று விதியிலேயே போடுங்கள். ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தைத் தவிர்க்கலாம். காலாண்டு விடுமுறை எல்லா வகையிலும் தோது.

4ஏ ஆடுகிறவர் யோயோவை மேலே எறிந்து பிடிப்பார். பள்ளி வகுப்பறை உயரம் பற்றாது, கல்யாண மண்டப மேடை சரியாக இருக்கும். மொசைக் தரையில் விழுந்த உலோக யோயோவின் விளிம்பு நசுங்கும், பிறகு அதிரத் தொடங்கும். ஜமுக்காளம் விரித்து நான்கு பக்கமும் டேப் ஒட்டிவிடுங்கள், சுருங்கினால் கால் தட்டும். முதல் வரிசை நாற்காலி மேடை விளிம்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி. நடுவர்கள் அதே தூரத்தில், ஆனால் ஒருவர் தாளை ஒருவர் பார்க்க முடியாதபடி இடைவெளி விட்டு.

பாட்டு வேண்டாத முறை ஏணி. ஃப்ரீஸ்டைலில் மைக் செட்காரரையும் ஒரு நடுவரைப்போல முன்கூட்டியே உட்காரவைத்துப் பேச வேண்டும். பாட்டுக் கோப்புகளுக்கு ஆட்ட வரிசை எண்ணையே பெயராக வைத்து, முந்தின நாளே பென்டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள்; செல்போனில் வைத்திருந்தால் ஆட்டத்தின் நடுவே அழைப்பு வரும். கரண்ட் போனாலோ வேறு பாட்டு ஓடினாலோ ஆட்டக்காரருக்கு இரண்டே வாய்ப்பு: பாட்டில்லாமல் தொடர்வது, அல்லது முதலிலிருந்து ஆடுவது. முதலிலிருந்து ஆடினால் அதுவரை விழுந்த கிளிக் எல்லாம் அழியும். தவறிவிட்டோம் என்று தெரிந்தபின் "பாட்டு சரியா கேக்கல" என்று நிறுத்துகிறவருக்கு இது பொருந்தாது. பாட்டில் கோளாறா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் தலைமை நடுவர் மட்டும்.

எங்கள் தேர்வு

யோயோ ஆடத் தெரிந்த நடுவர் மூவர் இல்லாத ஊரில், அம்பாசமுத்திரமோ வள்ளியூரோ, ஏணி மட்டும். அதைச் செம்மையாக நடத்தினாலே அடுத்த வருடத்துக்கான நடுவர்கள் அந்தப் பிள்ளைகளிலிருந்தே வந்துவிடுவார்கள். பாளையங்கோட்டையில் மாவட்ட அளவில் என்றால் காலை ஒன்பதரைக்கு எல்லாருக்கும் ஏணி, அதில் முதல் எட்டுப் பேருக்குச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு நிமிட ஃப்ரீஸ்டைல், இடையில் நேருக்கு நேர். எட்டுப் பேர் ஆட, மார்க் எழுத, மேடை மாற எல்லாம் சேர்த்து அரை மணி நேரம் போதும். ஏணி மதிப்பெண்ணை ஃப்ரீஸ்டைலோடு கூட்ட வேண்டாம். ஏணி நுழைவுச் சீட்டு, அவ்வளவுதான். கூட்டினால் எட்டாவதாக வந்தவர் எவ்வளவு நன்றாக ஆடினாலும் மேலே வர முடியாது. ஏணி வெற்றியாளருக்குத் தனிக் கோப்பை கொடுங்கள்.

ட்ரிக் பட்டியலையும் விதித்தாளையும் ஒரு மாதம் முன்பே எல்லார் கைக்கும் அனுப்ப வேண்டும். முடிவை அறிவிக்கும்போது மொத்த மார்க்கை மட்டும் ஒட்டாமல், ஒவ்வொரு நடுவரின் கூட்டல், கழித்தல் கிளிக்கையும் சுவரில் ஒட்டுங்கள். ஒட்டியபின் பதினைந்து நிமிடம் ஆட்சேபத்துக்கு. கூட்டல் பிழை, ஆள் மாற்றிப் பதிந்தது, விட்டுப்போன பெரிய கழிவு ஆகியவற்றுக்கு மட்டும் திருத்தம் உண்டு. அம்மா எடுத்த செல்போன் வீடியோவைக் காட்டி கிளிக்கைக் கூட்டச் சொன்னால் கிடையாது. கோப்பையை அந்தப் பதினைந்து நிமிடம் முடிந்தபிறகு கொடுங்கள். கொடுத்த கோப்பையை ஒரு பிள்ளையிடமிருந்து திரும்ப வாங்கும் நிலை எந்த ஏற்பாட்டாளருக்கும் வரக் கூடாது.